கைகூப்புவதும் உற்றுநோக்குவதும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் தங்கள் கைகள் தாமாகவே குவிந்ததையும், உடன் வந்த ஓவியக் கல்லூரி நண்பர் அதைக் கண்டு சிரித்ததையும், அதன்பின் அச்சிலையைப் பற்றிய காணொளியைப் பக்தராகத் தொடங்குவதா கலை மாணவராகத் தொடங்குவதா என்று குழம்புவதையும் எழுதியிருந்தீர்கள். நண்பர் சிரித்தது பிழை என்றே கருதுகிறேன். ஆயினும் அவருடைய பார்வையிலிருந்து பெற வேண்டியதும் உண்டு.

கோயிலில் உற்சவத் திருமேனி, அதாவது விழாக்களில் உலா வரும் உலோகச் சிலை, பட்டும் மாலையும் அணிந்திருப்பதால் பெரும்பாலும் முகமும் கைகளுமே தெரிகின்றன. மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்த சிற்பி, இடையின் வளைவிலும் தூக்கிய திருவடியிலும் காட்டிய நுட்பத்தை அபிடேக வேளை தவிரப் பக்தர் காண்பது அரிது. அருங்காட்சியகம் அதைக் காட்டுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் இச்சிலையின் ஒளிப்படங்களை மட்டும் பார்த்தே 1913-இல் அதன் அழகை வியந்து எழுதினார். நேரில் வருவோரில் பலர் ஒரு தற்படத்துடன் நகர்ந்துவிடுவது வேறு கதை.

நடராசரை வார்த்த சிற்பியோ சிற்பநூல் வகுத்த அளவுகளுக்குள் நின்று, வழிபாட்டுக்கென்றே அதைச் செய்தவர். ஆகவே தாங்கள் கைகூப்பியது கலையறியாமை அன்று. அப்படைப்பை அதன் நோக்கத்திலேயே எதிர்கொண்டதாகும். காணொளியை அந்தக் கணத்திலிருந்தே தொடங்கி, பின்னணி இசையின்றிப் பாதத்திலிருந்து முகம்வரை மெதுவாகக் காட்டுங்கள். படமெடுக்க அருங்காட்சியக அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி கேட்டுவிடுங்கள்.