தீவில் அழிந்துவரும் பறவைகளைக் காக்க எலிகளை விஷம் வைத்துக் கொல்வது நியாயமா?

கேட்டவர் கடலைக் கரையில் நின்று மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன், தப்பென்றால் மன்னிக்கவும். நான் குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக்காரன். பதினைந்து வருடம் தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போனவன். நியாயம்தான் என்பது என் பதில். ஆனால் அதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

லட்சத்தீவுப் பக்கம் சூரைமீன் பிடிக்கப் போயிருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்று ஒரு மணல்திட்டு. மரம் கிடையாது, ஆள் கிடையாது, முழுக்க ஆலா என்கிற கடற்பறவைகள். கிட்டே போகும் முன்பே இரைச்சலும் எச்ச நாற்றமும் வந்துவிடும். நானும் இன்னொருவனும் நீந்திப் போய் ஒரு வாளி முட்டை அள்ளி வந்தோம். கருவாடு தின்று சலித்த வாய், வேறென்ன சொல்ல?

போட்டை ஓட்டும் ஸ்ராங்கு மாமா வாளியைப் பார்த்தார். "மீன் கெடக்குற எடத்த நமக்குக் காட்டுறது அதுதாம்ல. அதுக்க குஞ்ச தின்னுட்டு நாள எதப் பாத்து போட்ட ஓட்டுவ?" என்றார். சூரை கீழிருந்து விரட்டும்போது பொடிமீன் மேலே துள்ளும், அதைக் கொத்த ஆலா இறங்கும். நாங்கள் ஆலாவைப் பார்த்துத்தான் போட்டைத் திருப்புவோம். அவர் அன்று முட்டையைத் தொடவில்லை. நாங்கள் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கருமுதுகு ஆலா ஒரு ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, எலிக்கு வருகிறேன். நாங்கள் ஒரு வாளியோடு போய்விட்டோம், எலி போகாது. கப்பலில் வந்து இறங்கி முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் தின்றுகொண்டே இருக்கும். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளில் நிக்கோலஸ் கிரஹாம் என்ற பவளப்பாறை ஆய்வாளரின் குழுவினர் எலி உள்ள 6 தீவுகளையும் இல்லாத 6 தீவுகளையும் ஒப்பிட்டு 2018-ல் எழுதினார்கள். எலி இல்லாத தீவுகளில் பறவைகள் 760 மடங்கு நெருக்கமாக இருந்தன. அவற்றின் எச்சம் கரைந்து பவளப்பாறைக்குப் போவதால், அங்கே மீனின் மொத்த எடையும் 48 சதவீதம் கூடுதல். மாமா படிக்காமலே பாதி சொல்லிவிட்டார்.

விஷம் மற்றதையும் கொல்லாதா என்று கேட்பீர்கள். கொல்லலாம். அதனால்தான் பசிபிக் கடலில் உள்ள பால்மைரா பவளத்தீவில் 2011-ல் சில கரைப்பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைத்துவிட்டு விஷம் தூவினார்கள். எலி ஒழிந்ததும் அந்த மண்ணின் மரக்கன்றுகள் தானாக முளைத்தன. அப்புறம் அங்கே தென்னையையும் வெட்டினார்கள். பால்மைரா என்றால் ஆங்கிலத்தில் பனை, வெட்டியது தென்னை! எங்கள் மாவட்டத்தில் போய் இதைச் சொன்னால் அடி விழும்.

போன தடவை இப்படி ஒரு பதில் எழுதியதற்கு "சுறாவைத் தின்று தீர்த்த கூட்டம்" என்று ஒருவர் எழுதினார். நாங்கள் தூண்டில்காரர்கள்தான் ஐயா, ஆனால் கடல் உயிர்கள் குறைய நாங்கள் மட்டுமா காரணம்? எங்கள் ஊர்க் கரையில் அம்மா காலத்தில் பங்குனி ஆமை ஏறி முட்டையிடும். இப்போது கடலரிப்புக்கு என்று ரோடு வரைக்கும் கல் அடுக்கிவிட்டார்கள், ஆமை எங்கே ஏறும்? அந்தக் கல்லைப் பற்றி இங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் எழுதுகிறேன்.