வாட்டர் ஜெட் கேள்வி-பதில்: கோபுரம், கூரை, செம்பனை லோரி

ஆண்டிறுதி மழை ஓய்ந்து, தைப்பூசத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்னதாக வீடுகளையும் கோயில்களையும் கழுவும் வேலை தொடங்கிவிட்டதால், வாட்டர் ஜெட் என்னும் உயரழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரம் பற்றிய கடிதங்கள் இம்முறை வழக்கத்தைவிட அதிகம். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், லிந்தாங் பகுதிகளிலிருந்து வந்தவற்றுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டு உபயோகத்துக்கு 110 பார் இயந்திரம் போதுமா? கடைக்காரர் 160 பார் இயந்திரத்தையே வாங்கச் சொல்கிறார்.
– சுங்கை சிப்புட் வாசகர்

போதும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நீர் வெளியேறும் என்பதை எழுதியிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பார் கணக்கில் இருப்பது பெரும்பாலும் உச்ச அழுத்தம். வேலை நடக்கும்போது கிடைப்பது அதைவிடக் குறைவு, அது இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கிறது; பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது நீரின் அளவு. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் 160 பார் இயந்திரத்தைக் காட்டிலும், 8 லிட்டர் தரும் 110 பார் இயந்திரம் கார் நிறுத்தும் தளத்தை விரைவாகக் கழுவி முடிக்கும். இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, என் வாட்டர் ஜெட் ஓடவில்லை. என்ன செய்வது?
– பெயரும் ஊரும் இல்லை

மின்சாரத்தில் ஓடுவதா, பெட்ரோலில் ஓடுவதா, ஓசை வருகிறதா, நீர் வருகிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று எதுவுமே எழுதாத கடிதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இவற்றை எழுதி மீண்டும் அனுப்புங்கள்.

கேள்வி: மோட்டார் "ம்ம்" என்று முனகுகிறது, சுழல்வதில்லை. சமையலறைச் சுவரில் நேரடியாகச் செருகினால் ஓடுகிறது. பின்வாசலுக்கு நீட்டிப்பு வயர் போட்டால்தான் இந்தத் தொல்லை.
– கோலகங்சார் வாசகர்

விடையைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். இப்படித்தான் கடிதம் எழுத வேண்டும். உங்கள் வயர் மெலிதானது. 2,000 வாட் அளவிலான மோட்டார் ஓடும்போது 8, 9 ஆம்பியர் எடுக்கும், புறப்படும் நொடியில் அதைப்போல் பல மடங்கு எடுக்கும். மெலிந்த நீண்ட வயரில் மின்னழுத்தம் விழுந்துவிடுவதால் மோட்டாரால் திமிறி எழ முடிவதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்குங்கள். உருளையில் சுற்றிய வயரானால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். அதைவிட நல்ல வழி, மின் இணைப்பை உலர்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு நீர்க் குழாயை நீட்டிக்கொள்வது. வேலையைத் தொடங்குமுன் வீட்டு மின்பெட்டியிலுள்ள மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை என்றால் அன்றைக்கு வாட்டர் ஜெட்டைத் தொடக்கூடாது.

கேள்வி: அழுத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. பம்பிலிருந்து கரகரவென்று ஓசை வருகிறது. பம்ப் போய்விட்டதா?
– பீடோர் வாசகர்

இன்னும் போகவில்லை என்று நம்புகிறேன், இப்படியே ஓட்டினால் போய்விடும். கூழாங்கல் உருளுவது போன்ற அந்த ஓசை, பம்புக்குப் போதிய நீர் கிடைக்காமல் உள்ளே வெற்றிடக் குமிழ்கள் உண்டாகி உடைவதால் வருவது. கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் இணைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது தரும் அழுத்தம் 0.3 பார் மட்டுமே; இடையில் அரை அங்குலத் தோட்டக் குழாயும் மண் அடைத்த வடிகட்டியும் இருந்தால் பம்ப் தவித்துத்தான் போகும். இணைப்பைக் கழற்றி அந்தக் குழாயால் ஒரு 10 லிட்டர் வாளியை நிரப்பி நேரம் பாருங்கள். இயந்திரம் கேட்கும் அளவைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வர வேண்டும். வராவிட்டால், மீட்டரிலிருந்து நேராக வரும் வெளிக்குழாய்க்கு மாறுங்கள். நுழைவாயில் வடிகட்டியைக் கழுவுங்கள், ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அன்லோடர் வால்வைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: நீர் பீய்ச்சும் கைப்பிடியான கன்னின் விசையை விட்டுவிட்டு மோட்டாரை ஓடவிட்டபடி பேசிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரே நீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சூடேறி, இரண்டு மூன்று நிமிடங்களில் கசிவைத் தடுக்கும் சீல்களைக் கெடுக்கத் தொடங்கும்.

கேள்வி: தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அம்மா இன்னும் குடியிருக்கிறார். கூரைத் தகடு கறுத்துப் பாசி பிடித்துக் கிடக்கிறது. அலையலையான பழைய சாம்பல் நிறத் தகடு. எந்த நாசில் (நீர் பீய்ச்சும் முனை) போட்டுக் கழுவலாம்?
– லிந்தாங் வாசகி

எந்த நாசிலும் வேண்டாம், அம்மா. அந்தக் காலத்துச் சாம்பல் நிற அலைத்தகடு என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது என்றே கொள்ள வேண்டும். வெயிலிலும் மழையிலும் மேல்சிமெண்டு அரித்து இழைகள் வெளியே தெரியும் நிலையில் அது இருக்கும். அதன்மேல் வாட்டர் ஜெட் அடித்தால் இழைகள் சேற்றோடு சுவரிலும் முற்றத்திலும் துணிக்கொடியிலும் படிந்து, காய்ந்தபின் தூசியாக மூச்சில் போகும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நோய் வெளிப்பட 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், அடித்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தகடும் நைந்திருக்கும்; மேலே ஏறினால் கால் உள்ளே போய்விடும். தேய்க்காமல், துளையிடாமல், உடைக்காமல் அப்படியே விடுங்கள். பாசியால் வீடு ஒழுகாது. ஒழுகினால், முறையாகக் கழற்றத் தெரிந்தவர்களைக் கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நெருங்குகிறது. ராஜகோபுரத்தை வாட்டர் ஜெட் அடித்து மூன்று நாளில் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் குறைந்த விலைக்கு வந்திருக்கிறார். 200 பார் இயந்திரமாம். கொடுக்கலாமா?
– தாப்பா, ஆலய நிர்வாக உறுப்பினர்

கொடுக்காதீர்கள். இதே கேள்வி ஆண்டுதோறும் வருகிறது, ஆண்டுதோறும் இதையேதான் எழுதுகிறேன்; கோபுரங்கள் மட்டும் சிதைந்துகொண்டே இருக்கின்றன.

நம் கோபுரங்கள் கருங்கல்லால் ஆனவையல்ல. செங்கல்லும் சிமெண்டும் உடல். அதன்மேல் கம்பியும் சுதையும் வைத்து உருவாக்கிய பொம்மைகள், அவற்றின்மேல் பல அடுக்கு வண்ணம். சுதையில் மயிரிழை வெடிப்புகள் எப்போதும் உண்டு. 200 பாரில் போகும் நீர் அந்த வெடிப்புகளுக்குள் புகுந்து உள்ளிருக்கும் கம்பியை எட்டுகிறது. இரும்பு துருவானால் கன அளவில் பல மடங்கு பெருக்கும்; பெருத்த துரு சுதையை உள்ளிருந்து பிளக்கிறது. கழுவிய வாரத்தில் கோபுரம் பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனபின் விரல்களும் ஆயுத நுனிகளும் கிரீடத்தின் ஓரங்களும் உதிரத் தொடங்கும். ஒரு தோட்டக் கோயிலில் துவாரபாலகரின் சுட்டுவிரல் இருந்த இடத்தில் துருவேறிய கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததையும், கீழே தரையில் வண்ணத்தோடு விழுந்துகிடந்த சில்லுகளைக் குழந்தைகள் பொறுக்கியதையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் மூன்று நாள் வேலைதான்.

சாரத்தின் மேல் நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டரை 200 பாரில் அடிக்கும் கன், பிடித்திருப்பவரை ஏறக்குறைய 5 கிலோ விசையோடு பின்னுக்குத் தள்ளும். ஈரப் பலகையில், ஐந்தாம் நிலையில், இடுப்பில் பாதுகாப்பு வார் இல்லாமல் அதைப் பிடித்து நிற்கச் சொல்வது பக்திப் பணி ஆகாது.

முறையான வழி மெதுவானது. முதலில் பறவை எச்சத்தை நனைத்து, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் எடுக்க வேண்டும். பிறகு பென்சால்கோனியம் குளோரைடு சார்ந்த பாசிக்கொல்லியைத் தோளில் மாட்டும் தெளிப்பானால் தெளித்து, சில நாள் விட வேண்டும். பாசி தானாகச் செத்துக் காயும். அதன்பின் நைலான் தூரிகையும் சாதாரணக் குழாய் நீரும் போதும். இயந்திரம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 40 பாருக்கு மேல் போகாமல், வெள்ளை நிற 40 டிகிரி நாசிலோடு, அரை மீட்டருக்கு அப்பால் நின்று, மேலிருந்து கீழாக மட்டும் அடிக்கலாம். கபோதத்துக்கு (வெளியே நீண்ட வளைந்த விளிம்புக்கு) கீழே நின்று மேல்நோக்கி அடிக்கவே கூடாது. குளோரினும் அமிலமும் கோபுரத்துக்கு ஆகாது. இரண்டும் விட்டுச்செல்லும் குளோரைடு உப்பு கம்பியைத்தான் முதலில் தின்னும். கலசங்களை ஸ்தபதியின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். வெடிப்புகளை அடைத்து, மழையில்லாத இரண்டு வாரமாவது காயவிட்டு, அதன்பிறகே வண்ணம் பூசத் தொடங்குங்கள். ஈரச் சுதையின்மேல் பூசிய வண்ணம் கொப்பளித்து உரியும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைக்கு மூன்று நாள் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். இந்தப் பதிலையே வாசித்துக் காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: பாசிக்குக் குளோரோக்ஸ் என்னும் குளோரின் வெளுப்பானும் கழிவறை அமிலமும் சேர்த்து ஊற்றினால் வேகமாகப் போகும் என்கிறார்களே?
– ஈப்போ வாசகர்

சேர்த்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். ஒருபோதும் சேர்க்காதீர்கள், ஒன்றன்பின் ஒன்றாகவும் ஊற்றாதீர்கள். சிமெண்டுத் தரைப் பாசிக்கு 1 முதல் 2 விழுக்காட்டுக் குளோரின் கரைசல் மட்டும் போதும். காயவிடாமல் 10, 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். பக்கத்துச் செடிகளுக்கு வேலைக்கு முன்னும் பின்னும் நல்ல நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: கார் நிறுத்தும் தளத்தைக் கழுவினேன். காய்ந்தபின் வரிக்குதிரைபோல் கோடு கோடாகத் தெரிகிறது.
– சுங்கை சிப்புட் வாசகர்

நாசிலைத் தரைக்கு ஒரே தூரத்தில் பிடிக்கவில்லை, ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு பாதி ஏறும்படி அடிக்கவும் இல்லை. மேலே சொன்ன கரைசலைத் தரை முழுதும் தெளித்து மீண்டும் ஒரே சீராகக் கழுவுங்கள். கோடுகள் பெரும்பாலும் மறையும். பெரிய தளங்களுக்கு வட்டச் சுழல் தூரிகைத் தட்டு வாடகைக்கு எடுப்பது நல்லது. எங்கேயும் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளைக் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. கறுப்புப் பிசின் போல் ஒட்டியிருப்பது 150 பாரிலும் போக மறுக்கிறது.
– தெலுக் இந்தான் வாசகர்

அழுத்தத்தைக் கூட்டினாலும் போகாது, வெப்பம்தான் வேண்டும். செம்பனை எண்ணெய் 35 டிகிரி அளவில்தான் முழுதாக உருகும். காலைக் குளிரில் குளிர்ந்த நீரை அடித்தால் அது இன்னும் இறுகும். காரத்தன்மையுள்ள கிரீஸ் நீக்கியைக் கீழிருந்து மேலாகத் தெளித்து 10 நிமிடம் விடுங்கள். அலசுவதை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். வெந்நீர் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் 70, 80 டிகிரியில் பாதி நேரத்தில் முடியும். டயரின் பக்கச்சுவருக்கு 30 சென்டிமீட்டருக்கு நெருங்காதீர்கள், சக்கரத் தாங்கிகள், மின் இணைப்புகள், ரேடியேட்டர் தகடுகள் ஆகியவற்றின்மேல் நேராக அடிக்காதீர்கள். எண்ணெய் கலந்த நீரைத் தெருக் கால்வாயில் விடுவது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி உங்களை வம்பில் மாட்டிவிடும். நீரிலுள்ள எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் பொறி உள்ள இடத்தில் மட்டும் கழுவுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் வீட்டுச் சுவரைக் கழுவியபோது வண்ணம் உரிந்துவிட்டது. காசு தர மறுக்கிறார். யார் மேல் தவறு?
– சுங்கை சிப்புட், புதிதாகத் தொழில் தொடங்கியவர்

பார்க்காமல் தொடங்கியவர் நீங்கள்தான், தம்பி. சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி கையில் ஒட்டினால் அந்த வண்ணம் ஏற்கெனவே செத்துவிட்டது. அதை வீட்டுக்காரர் முன்னிலையிலேயே செய்து காட்டி, "கழுவினால் இது உரியும்" என்று சொல்லி, படம் எடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும். தொலைபேசியிலேயே விலை சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். நேரில் போய் நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்து, ஆள்கூலி, பெட்ரோல், கழுவும் மருந்து, பயணம், இயந்திரத் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லுங்கள். இந்த முறை பாதிக் கூலிக்குச் சமாதானம் பேசுவதே நல்லது.

கேள்வி: நாசிலைச் சோதிக்கும்போது விரலில் பட்டுவிட்டது. ஊசி குத்திய அளவே காயம், இரத்தம் கூட இல்லை. மருந்து போட்டால் போதுமா?
– பாகான் செராய் வாசகர்

இதை வாசித்ததும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "உயரழுத்த நீர் தோலுக்குள் பாய்ந்தது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். வெளிக்காயம் சிறிதாக இருந்தாலும் உள்ளே தசைநார் வழியாக நீரும் அழுக்கும் வெகுதூரம் போயிருக்கும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். மற்றவர்களுக்கு: நாசிலைக் கழற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி, நீரை மூடி, கன்னை ஒருமுறை அழுத்தி, குழாயில் தேங்கியுள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள். கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாமல் கன்னைத் தொடாதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் வாட்டர் ஜெட் நான்கு மாதம் சும்மா கிடந்தது. இப்போது புறப்பட்டுப் புறப்பட்டு அணைகிறது.
– ஸ்லிம் ரிவர் வாசகர்

பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகியிருக்கும். தொட்டியை வடித்து, கார்புரேட்டரில் எரிபொருள் பாயும் சிறு துளையான ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். இனி மாதக்கணக்கில் நிறுத்துவதானால் எரிபொருள் வால்வை மூடி, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பம்புக்கு நீர் வந்துகொண்டிருக்கட்டும். சரிபார்க்கும்போது கடைக்குள்ளேயோ மூடிய கொட்டகைக்குள்ளேயோ ஓட்டாதீர்கள்; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. என்ஜின் எண்ணெயையும் இதோடு மாற்றிவிடுங்கள்.