லைன் போனாலும் சர்வரில் வேலை நிற்கக் கூடாது

கேள்வி: வெளியூர் டேட்டா சென்டரில் எங்களுக்கு ஆறு உபுண்டு சர்வர்கள். பல சர்வர்களில் ஆப்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டர் அது: மூன்று கண்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நடத்துபவை), மூன்று வொர்க்கர் (ஆப்களை ஓட்டுபவை). வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக பேக்கேஜ் அப்டேட் போட்டபோது நெட் போய்விட்டது. ஒரு சர்வரில் அப்டேட் அரைகுறையாக நிற்கிறது. மற்ற ஐந்தையும் எப்படிச் செய்வது?

பதில்: முதலில் அந்த ஒன்றைச் சரிசெய்யுங்கள். 'சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' (டிபிகேஜி என்பது பேக்கேஜ்களை நிறுவும் கருவி) கொடுத்தால், பாதியில் நின்ற பேக்கேஜ்கள் மிச்ச வேலையை முடிக்கும். லாக் ஃபைலை (இரண்டு அப்டேட் ஒன்றாக ஓடாமல் தடுக்கும் பூட்டு) வேறொரு ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று வந்தால், அந்த ஃபைலை அழித்துவிடாதீர்கள். பழைய அப்டேட் இன்னும் உயிரோடு இருக்கலாம். அதன் மேலே இன்னொன்றை ஓட்டினால் பேக்கேஜ் டேட்டாபேஸே கெட்டுப்போகும். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் 'பிஎஸ்' போட்டு, பழையது ஓடவில்லை என்று உறுதியான பிறகு தொடங்குங்கள்.

நின்றதற்குக் காரணம் இது: எஸ்எஸ்எச் தொடர்பு அறுந்ததும் உங்கள் ஷெல்லுக்கு (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ப்ரோக்ராம்) ஹேங்கப் சிக்னல் போகிறது, அதன் கீழே ஓடுபவற்றில் பலவும் அதோடு செத்துவிடும். தப்பிப் பிழைத்த டிபிகேஜியும், 'பழைய கன்ஃபிக் ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று கேட்கும் இடத்தில் பதில் சொல்ல டெர்மினல் இல்லாமல் எர்ரரோடு விழும். எனவே சர்வருக்குள் நுழைந்ததும் டிமக்ஸ் (லைன் அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் ப்ரோக்ராம்) தொடங்கி, அதற்குள் வேலை செய்யுங்கள். அப்போது ஷெல் டிமக்ஸுக்குச் சொந்தம், உங்கள் லைனுக்கு அல்ல. கண்ட்ரோல்-பி, பிறகு டி அழுத்தி வெளியே வரலாம். 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும். பலர் டிமக்ஸைத் தங்கள் லேப்டாப்பில் திறந்து, அதற்குள் எஸ்எஸ்எச் போடுகிறார்கள். லைன் போவதற்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது.

சும்மா இருக்கும் இணைப்பை வீட்டு ரவுட்டர் வெட்டிவிடுவதும் உண்டு. உங்கள் எஸ்எஸ்எச் கன்ஃபிக்கில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் 60 என்று வைத்தால் போதும்.

இனி ஐந்து சர்வர்கள். அன்சிபிள் (பல சர்வர்களில் ஒரே வேலையைத் தானாகச் செய்யும் கருவி) கொண்டு செய்வதானால் மிகவும் கவனமாக இருங்கள்: ஃபோர்க்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை மெஷின் என்ற எண்) அளவை மாற்றாவிட்டால் அது ஒரே நேரத்தில் 5 மெஷின்களில் வேலை செய்யும். பட்டியலில் கண்ட்ரோல் பிளேன்கள் முதலில் இருந்தால் மூன்றும் சேர்ந்தே ரீபூட் ஆகும். கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸான ஈடிசிடி கண்ட்ரோல் பிளேன்களில் ஓடுகிறது; மூன்று உறுப்பினர் கொண்ட அதற்கு எப்போதும் இரண்டு உயிரோடு வேண்டும். ஒன்றுதான் மிஞ்சினால் கிளஸ்டரில் எந்த மாற்றமும் எழுத முடியாது. பிளேபுக்கில் (அன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்) 'சீரியல்: 1' போடுங்கள்; ஒரு நேரத்தில் ஒரே சர்வர்தான் நடக்கும். ஒரு சர்வர் தோற்றால் அடுத்ததைத் தொடாமல் அங்கேயே நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒவ்வொன்றையும் தொடும் முன் 'டிரெய்ன்' செய்யுங்கள்; அதாவது அதில் ஓடும் பாட்களை (ஆப்பை ஓட்டும் அலகுகள்) வெளியேற்றுங்கள். டீமன்செட்களை (ஒவ்வொரு சர்வரிலும் ஓட வேண்டிய பாட்கள்) விட்டுவிடும் ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். டிரெய்ன் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டை (ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை வெளியேற்றலாம் என்ற வரம்பு) பாருங்கள். ஒரே ஒரு ரெப்ளிகா (பாட்டின் நகல்) வைத்துவிட்டு, குறைந்தது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், அது என்றைக்கும் நகராது. ரெப்ளிகாவை இரண்டாக்குங்கள், அந்த வரம்பை மதிக்கும் எவிக்ஷன் (வெளியேற்றும் முறை) என்பதையே முடக்கித் தாண்டிப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் 'அன்கார்டன்' கொடுத்து, அந்த நோடை (சர்வரை) மீண்டும் பாட்களுக்குத் திறந்துவிடுங்கள். மறந்தால் அந்த நோடில் டீமன்செட் தவிர வழக்கமான புதிய பாட் எதுவும் ஏறாது. நோட் பட்டியலில் 'ஷெட்யூலிங் டிஸேபிள்டு' என்று காட்டிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்எச் போர்ட்டை ஆறு சர்வரிலும் வெளியே திறந்து வைக்க வேண்டாம். வெளியிலிருந்து நுழைய ஒரே ஒரு ஜம்ப் சர்வர் (மற்ற சர்வர்களுக்கான நுழைவாயில்) போதும்; அதன் வழியே போக ப்ராக்ஸிஜம்ப் ஆப்ஷன் ஓபன்எஸ்எஸ்எச் 7.3 முதலே உண்டு. ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உங்கள் லேப்டாப்பில் உள்ள எஸ்எஸ்எச் கீயை ஜம்ப் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடுவது) வேண்டாம். ஜம்ப் சர்வரில் ரூட் கைப்பற்றியவர், நீங்கள் இணைந்திருக்கும்வரை உங்கள் கீயைப் பயன்படுத்தி மற்ற சர்வர்களுக்குள் நுழைய முடியும்.

முதல் ரீபூட்டுக்கு முன், டேட்டா சென்டர் தரும் ரிமோட் கன்சோலில் (எஸ்எஸ்எச் இல்லாமலே சர்வரின் திரையைக் காட்டும் வழி) லாகின் செய்து பாருங்கள். 'டிஎஃப் -எச்' போட்டு பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நிரம்பியிருந்தால் புதிய கர்னல் அரைகுறையாகத்தான் ஏறும்.