ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் எப்போது குளிக்கலாம்? தையலில் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்குமா?

பெரும்பாலான ஆபரேஷன்களில் 48 மணி நேரம் கடந்துவிட்டால், தையல் மேல் தண்ணீர் ஓடுவதால் கெடுதல் இல்லை. வெட்டிச் சேர்த்த தோலின் மேல்பரப்பு அதற்குள் ஒட்டி மூடிவிடுகிறது. பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பும் இதே 48 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. ஆனால் உள்ளே சேரும் ரத்தமும் நீரும் வடிய வைக்கும் டிரெயின் குழாய் இருந்தாலோ, தைக்காமல் திறந்தே விட்ட புண்ணாக இருந்தாலோ, மாவுக்கட்டு போட்டிருந்தாலோ கணக்கு வேறு. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: எந்த நாளிலிருந்து குளிக்கலாம், கட்டோடு குளிக்கலாமா, பிரித்துவிட்டா? வாயால் கேட்டுக்கொண்டு வந்தால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள்.

என் அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். சர்க்கரையும் உண்டு. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "தையல் பிரிக்கிற வரைக்கும் உடம்புல தண்ணியே படக்கூடாது" என்றார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள்கணக்கில் குளிக்காமல் கிடந்தால் வியர்வையும் அழுக்கும் தையலைச் சுற்றித்தான் தங்கும். புண்ணுக்கு அது நல்லதில்லை.

குளிக்க அனுமதி வரும்வரை தினமும் துடைத்துவிட்டோம். முதலில் துடைத்துவிடுகிறவர் வளையலைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பருத்தித் துணி போதும். முகம், கழுத்து, கை, மார்பு, முதுகு, கால் என்று வந்து, தண்ணீரையும் துணியையும் மாற்றிக்கொண்டு மறைவிடங்களைக் கடைசியில் துடைக்க வேண்டும், முன்னிருந்து பின்னாக. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அந்த இடத்தையும் சோப்புத் தண்ணீரால் தினமும் சுத்தம் செய்யுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். துடைக்கும் இடத்தை மட்டும் விலக்கி, மற்ற உடம்பைப் போர்த்தியே வையுங்கள். பிள்ளையே ஆனாலும் கூச்சம் இருக்கும்.

அம்மா ஏங்கியது தலைக்குக் குளிக்கத்தான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்துக்குக் கீழே துண்டை மடித்து வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தண்ணீர் முதுகுப் பக்கம் வாளியில் விழும்படி ஊற்றி அலசினேன். சிக்கெடுத்து முடித்ததும் "இப்பத்தான் மனுஷியா இருக்கேன்" என்றார். அன்று சாப்பாடும் நன்றாக இறங்கியது.

பிறகு உடம்புக்குக் குளிக்கத் தொடங்கியபோது, தண்ணீரைவிட வழுக்கிவிழுவதற்குத்தான் நான் பயந்தேன். ரத்த இழப்பு, வலி மாத்திரை, படுத்தே கிடந்த அசதி எல்லாம் சேர்ந்து நின்றவுடன் தலை சுற்றும். அதனால் பக்கவாட்டில் ஒருக்களித்து எழுந்து, கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகே நடக்கவிடுங்கள். தரை காய்ந்திருக்கட்டும், ஸ்டூல் ஆடாததாக இருக்கட்டும். கதவைத் தாழ் போட விடாதீர்கள், வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

தண்ணீரை மக்கில் மொண்டு தோளில் ஊற்றினால் சோப்பு நுரை தானாகத் தையல் மேல் வழிந்து போகும், அது போதும். பீர்க்கங்காய் நார், விரல் நகம் எதுவும் அங்கே வேண்டாம். பொருக்கு உரிகிறது என்று பிய்க்கவும் கூடாது. பேறுகாலக் குளியல் போல வெந்நீரை வயிற்றில் ஓங்கி அடித்து ஊற்றுவதைச் சிசேரியன் ஆனவர்களுக்குச் செய்யவே செய்யாதீர்கள்.

குளித்தபின் ஈரத்தை எடுப்பதில்தான் கவனம் வேண்டும். அம்மாவின் தையல் அடிவயிற்று மடிப்புக்குள் இருந்தது. வெளியே பார்த்தால் காய்ந்தது போலத் தெரியும், மடிப்பைத் தூக்கினால் உள்ளே ஈரம் நிற்கும். படுக்கவைத்து, மடிப்பை மேலே தூக்கிப் பிடித்து, துவைத்து வெயிலில் காய்ந்த வேட்டித் துண்டால் ஒத்தி ஒத்தி எடுப்பேன். தேய்க்க மாட்டேன். சிறிது நேரம் மின்விசிறிக் காற்று பட்டபிறகுதான் உடுப்பு. அந்தத் துணியை வேறு யாரும், வேறு எதற்கும் தொடக்கூடாது. மார்புக்குக் கீழேயும் தொடை இடுக்கிலும் இதே கவனம் வேண்டும்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர், திருநீறு எதையும் தையலில் பூசாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுக்காத களிம்பும் வேண்டாம். ஆறு, குளம், கடல், தொட்டி என்று ஊறிக் குளிப்பது புண் முழுக்க ஆறி டாக்டர் சரி என்று சொன்னபிறகுதான்.

தினமும் குளிப்பாட்டும்போது தையலை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, வலி குறையாமல் கூடுவது, சீழ், கெட்ட வாடை, ஓரம் விட்டுப்போவது, காய்ச்சல் எல்லாம் தொற்றின் அடையாளங்கள். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துக்கூட வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இதில் ஒன்று தெரிந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.