சயாமுக்குப் போனவர்களும் ஒரு மேற்கோளும்

ஐயா வணக்கம்,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைப் பற்றி தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். ஜப்பான்காரன் காலத்தில் இங்கிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போனவர்களைப் பற்றிய பத்திக்கு 'மேற்கோள் தேவை' என்று குறி போட்டு, அப்புறம் நீக்கியே விட்டார் ஒருவர். இரண்டு தடவை திரும்பச் சேர்த்தும் நிற்கவில்லை. அவருக்கு நம் ஊர்க்காரர்கள் என்றாலே இளக்காரம். வெள்ளைக்காரன் எழுதினால் சான்று, என் பாட்டி சொன்னால் இல்லையா? நீங்கள் இதை ஒரு கட்டுரையாக எழுதினால் அதையே மேற்கோளாகக் கொடுத்துவிடுவேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அவருடைய இளக்காரத்தை விடுங்கள். கட்டுரையும் எழுத மாட்டேன். நீங்கள் சொல்லி நான் எழுதி, அதை நீங்களே மேற்கோள் காட்டினால் ஒரே வாய் இரண்டு தடவை பேசிய கதைதான்.

ஆனால் பாட்டி என்றீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். என் பாட்டியின் அண்ணனும் சயாமுக்குப் போனவர். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்று பாட்டி சொல்வார். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. 1942இல் தொடங்கி 1943க்குள் 415 கிலோமீட்டர் பாதை போட்டு முடித்தார்கள். அதில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். அவர்களில் பலர் தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் பெயர் பொறித்து வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய ராணுவத்திடம் பட்டியல் இருந்தது. நம் ஆட்களையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றைக்கும் மதிப்பீடுதான் உண்டு, அதுவும் ஆளுக்கு ஆள் பல்லாயிரம் வித்தியாசத்தில். வெள்ளைக்காரன் என்பதற்காக யாரும் அவனை நம்பவில்லை தம்பி. எழுதி அச்சில் வைத்தான், யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். விக்கிப்பீடியா கேட்பது அவ்வளவுதான். உங்கள் பாட்டியைப் பொய்க்காரி என்று அந்தக் குறி சொல்லவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் நம் மேல்தான். எங்கள் தோட்டம் கைமாறியபோது ஆபீஸிலிருந்த செக்ரோல் புத்தகங்களை, அதாவது தினசரி ஆள்வரவு ஏடுகளை, வெளியே குவித்துக் கொளுத்தினார்கள். நேற்று பெரட்டில் நின்றவன் இன்றைக்கு இல்லை என்பது அந்த மாதிரி ஏட்டில்தான் தெரியும். ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணியும் தடுக்கவில்லை, சுற்றி நின்ற நம் சனமும் தடுக்கவில்லை. இன்றைக்கும் கோயில் திருக்குட முழுக்கு மலரையும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரையும் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டு, மேற்கோள் கேட்பவனிடம் போய்ச் சண்டை பிடிக்கிறோம். என்ன நியாயம் இது? பாட்டி சொன்னதை நீங்கள் ஒரு தடவையாவது பதிவு செய்தீர்களா? கையில்தான் போன் இருக்கிறதே!

மேற்கோள் இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. அச்சிட்ட புத்தகம், பழைய நாளிதழ் எதுவானாலும் பெயர், தேதி, பக்கம் கொடுத்தால் போதும். பழைய தமிழ் முரசு இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. போர் முடிந்த பிறகு வந்தவற்றைப் புரட்டுங்கள்.

பாட்டி இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய் உட்காருங்கள். போனவர்கள் பெயர், திரும்பியவர்கள் பெயர், எந்த லயத்து (குடியிருப்பு வரிசை) வீடு, எல்லாம் கேளுங்கள். பதிவை ஏதாவது ஒரு நூலகத்தில் கொடுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதை வைத்து ஒருவர் ஆராய்ந்து புத்தகம் போட்டால் அப்புறம் அது சான்று. அதுவரை அந்தப் பத்தியை மறுபடி சேர்க்காமல் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (எழுதுபவர்கள் கலந்து பேசும் இடம்) எழுதி வையுங்கள்.