காற்றுத் தரக் குறியீடு 180 என்றால் காலையில் நடக்கப் போகலாமா?

சென்னையில் மார்கழிக் காலையில் செயலி 180 காட்டுகிறது, பக்கத்திலேயே 'மிதமானது' என்றும் போட்டிருக்கிறது. ஆஸ்துமா உள்ள அப்பா நடக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு மணிக்கு வேண்டவே வேண்டாம்.

அந்த 'மிதமானது' என்ற சொல்லை நம்பாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில் 101 முதல் 200 வரை எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். 180க்குக் காரணம் பிஎம் 2.5 நுண்துகள் என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் அது சுமார் 84 மைக்ரோகிராம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளுக்குச் சொன்ன வரம்பு 15! அதோடு, வாரியத்தின் எண் 24 மணி நேரச் சராசரி. அந்த நிமிடத்துக் காற்று அதைவிட மோசமாகவும் இருக்கலாம். சில செயலிகள் அமெரிக்க அளவுகோலைக் காட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால் புகை எழும்ப வழியில்லை. வெயில் ஏறினால்தான் கலையும். போகிக்கு மறுநாள் எங்கள் ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்தால் துணி கரியாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் அந்தக் கரியைவிட, தெரியாமல் நுரையீரலின் அடிவரை போகும் துகள்தான் ஆபத்து.

வெளியே போயே ஆகவேண்டுமென்றால் என்95 முகக்கவசம், மூக்கோரம் இடைவெளி இல்லாமல். கைக்குட்டை போதாது. இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும். வீட்டுக்குள் கொசுவர்த்தியையும் சாம்பிராணியையும் அந்த நாட்களிலாவது நிறுத்திவிடுங்கள்.