பைக்குள் ஒரு ஃபேக்ஸ்: கம்யூனிகேட்டர் கேள்வி பதில்

1997 முதல் ஆறு வருடம் மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அலுவலகத்துக்கும் நவசேவா துறைமுகத்துக்கும் நடுவே அலைகிற வேலை. முதலில் நோக்கியா 9000, பிறகு 9110 என்று இரண்டு கம்யூனிகேட்டர்கள், அதாவது ஃபேக்ஸும் அனுப்பும் செல்போன்கள், என் கையில் இருந்தன. அவற்றில் ஃபேக்ஸ் அனுப்பியது, வாங்கியது பற்றி மும்பையிலும் சுற்றுப்பகுதிகளிலும் உள்ள தமிழர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

மாட்டுங்கா, கல்லூரி மாணவி: சார், அந்தக் கருவிக்குள் காகிதம் போட இடம் இருந்ததா?

இல்லை அம்மா, காகிதமே கிடையாது. மூடியிருக்கும்போது தடித்த செல்போன். மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி திறந்தால் உள்ளே முழு விசைப்பலகையும் நீளமான கறுப்பு வெள்ளைத் திரையும் இருக்கும். 1996-ல் வந்த 9000-ன் எடை 397 கிராம். 1998-ல் வந்த 9110 அதை 253 கிராமாகக் குறைத்தது. கடிதத்தை அதிலேயே டைப் செய்து, ஃபேக்ஸ் எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், எதிர்முனையில் சாதாரண ஃபேக்ஸ் மெஷினில் தாளாக வந்து விழும்.

சயான்: பேசுகிற நம்பரிலேயே ஃபேக்ஸ் வாங்க முடியாதா? எதற்குத் தனி எண்?

லேண்ட்லைனில் ஃபேக்ஸ் மெஷின் கீச்சென்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். தாளில் உள்ள கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான் அந்தச் சத்தமாகப் போகின்றன. ஜிஎஸ்எம் போன், அதாவது அன்றைய 2ஜி செல்போன், குரலை நொடிக்கு 13 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்பியது. மனிதக் குரலுக்காகவே செய்த சுருக்கல் அது. ஃபேக்ஸின் கீச்சொலி அதில் நுழைந்தால் சிதைந்துவிடும். அதனால் கம்யூனிகேட்டர் அந்தச் சத்தத்தை எழுப்பவே இல்லை. எண்களாகவே டவருக்கு அனுப்பும். செல்போன் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மோடம் அதைக் கீச்சொலியாக மாற்றி லேண்ட்லைனுக்குத் தரும். நொடிக்கு 9600 பிட் வேகம், அவ்வளவுதான்.

வாங்கும்போதுதான் சிக்கல். லேண்ட்லைனிலிருந்து வரும் அழைப்பின் மேல் 'இது பேச்சு, இது ஃபேக்ஸ்' என்று எந்த அடையாளமும் இருக்காது. மோடத்தை நுழைக்க வேண்டுமா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிய வழியில்லை. அதற்காகத்தான் ஒரே சிம்முக்கு இரண்டாவதாக ஒரு ஃபேக்ஸ் எண். அதற்கு அழைப்பு வந்தால் கருவி தானே எடுத்துப் பக்கங்களை வாங்கிக்கொள்ளும். இது தெரியாமல், 'அனுப்ப முடிகிறது, வரவே மாட்டேன் என்கிறது' என்று கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியில் பழுதில்லை, அந்த எண்ணைக் கேட்டு வாங்கவில்லை. சொல்லித் தர ஆளில்லாததுதான் குறை.

முலுண்ட், வியாபாரி: எங்கள் கடையில் போனை எடுத்து, 'ஃபேக்ஸ் டோன் கொடுங்க' என்று கேட்டால் பட்டனை அமுக்குவோம். உங்கள் கருவிக்கு அது ஒத்துவந்ததா?

ஒத்துவரவில்லை. என்னை அதிகம் படுத்தியது இதுதான். அன்றைக்கு இந்தியாவில் பல அலுவலகங்களில் ஒரே லைன்தான், பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும். கம்யூனிகேட்டரிலிருந்து போனது தானியங்கி ஃபேக்ஸ் அழைப்பு. அந்தப் பக்கம் மனிதர் எடுத்து 'ஹலோ, ஹலோ' என்றால் எனக்குக் கேட்காது, அழைப்பும் தோற்றுப்போகும். அதனால் முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டு, "அண்ணே, மெஷினை ஆட்டோவில் போடுங்க, அடுத்த ரிங்கை எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுவேன். அப்புறம்தான் ஃபேக்ஸ். இரண்டு அழைப்புக்கும் காசு. வருகிற அழைப்புக்கும் நாமே கட்டிய காலம் அது. 2003 மே மாதம்தான் இன்கமிங் இலவசம் ஆனது.

டோம்பிவிலி: லோக்கல் ரயிலில் போய்க்கொண்டே அனுப்பினீர்களா?

அனுப்பப் பார்த்தேன், பலமுறை அறுந்தது. பேச்சில் அரை நொடி விட்டுப்போனால் "என்ன சொன்னீங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டு ஃபேக்ஸ் மெஷின்கள் ஒன்றுக்கொன்று குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும், தாமதமானால் இணைப்பு போய்விடும். ஓடும் ரயிலில் டவர் மாறிக்கொண்டே இருக்கும். தாணேயைத் தாண்டி பார்சிக் சுரங்கத்துக்குள் போனால் எல்லாம் முடிந்தது. பிளாட்பாரத்தில் இறங்கி ஒரு தூண் ஓரமாக நின்று அனுப்புவதே சரி.

வாஷி: கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வேண்டிய தாளை எப்படி அனுப்பினீர்கள்?

அதில் கேமரா இல்லை, ஸ்கேனர் இல்லை. நாம் டைப் செய்ததையோ, ஏற்கெனவே நமக்கு வந்த ஃபேக்ஸையோதான் அனுப்ப முடியும். இந்த இரண்டாவது வழிதான் காப்பாற்றியது. அலுவலகத்தில் கையெழுத்திட்ட தாளை எனக்கு ஃபேக்ஸ் செய்யச் சொல்வேன், நான் அதை அப்படியே வேறு எண்ணுக்கு அனுப்பிவிடுவேன். அச்சு எடுப்பதற்கும் அதே வித்தைதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் ஃபேக்ஸ் மெஷின் இருந்தாலும், அந்த எண்ணுக்கு அனுப்பித் தாளை வாங்கிக்கொள்ளலாம். ஊரில் இருந்த ஃபேக்ஸ் மெஷின்கள் எல்லாமே எனக்குப் பிரிண்டர்தான்.

தாராவி: அண்ணாச்சி, தமிழில் ஃபேக்ஸ் அனுப்ப முடிந்ததா?

கருவியில் தமிழ் டைப் செய்ய வழியில்லை. வீட்டுக்கு எழுதும்போது ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவேன். ஆனால் வாங்கும்போது தடையே கிடையாது. ஃபேக்ஸுக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு எல்லாமே படம். ஒரு வரிக்கு 1728 புள்ளிகள், ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா, அவ்வளவுதான் அது பார்ப்பது. தமிழ், உருது, வட்டமான ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த சமயம், அப்பா நெல்லைப் பக்கம் ஓர் எஸ்டிடி பூத்துக்குப் போய், கையால் எழுதிய இரண்டு பக்கத்தை என் ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பினார். நான் நவசேவா கேட்டுக்கு வெளியே ஒரு லாரி நிழலில் நின்றிருந்தேன். திரையின் அகலம் 640 புள்ளிதான். முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் படித்தேன். அப்பா 'ழ' போடும்போது வாலை நீளமாக இழுப்பார், அந்த வால் அப்படியே வந்திருந்தது. இன்றைக்கு எத்தனையோ வழியில் செய்தி வருகிறது. அன்று அந்தக் கருவி என் கையில் வைத்தது அப்பாவின் கையெழுத்தை.

அந்தேரி: என்னிடம் ஒரு பழைய 9110 இருக்கிறது. இப்போது ஃபேக்ஸ் போகுமா?

அதை நம்பாதீர்கள். அந்த ஃபேக்ஸ் 2ஜி-யின் தனி டேட்டா அழைப்பை நம்பி இருந்தது. 4ஜி-யில் அந்தப் பாதையே கிடையாது. பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள், உப்பியிருந்தால் சார்ஜில் போடாமல் மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

செம்பூர்: அப்பாவின் ஃபைலில் பழைய ஃபேக்ஸ் தாள்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. என்ன செய்வது?

உருளையாக வந்த வழவழப்பான தாள் என்றால் அது தெர்மல் பேப்பர். சூட்டில் கறுத்துத்தான் எழுத்து உண்டானது, அதே சூடும் வெளிச்சமும் அதை அழிக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தால் முதலில் வெளியே எடுங்கள், சில பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம் எழுத்தைத் தின்றுவிடும். லாமினேஷன் செய்யவே கூடாது, அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். இந்த வாரமே ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, சாதாரணத் தாளில் ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். மங்கலானவற்றை முதலில் எடுங்கள்.